நடுவுல உட்கார ஒரு ஆள்

மே மாசம் பொறந்தா எங்க ஊர்ப் பக்கம் கார்கள் வர ஆரம்பிச்சிடும். சென்னை, பெங்களூரு, கோயமுத்தூர்னு போய் வீடு வாங்கி உட்கார்ந்தவங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. "பத்து நாள் இங்க இருக்கட்டுமுங்க, நல்லது கெட்டது நாலு தெரிஞ்சுக்கட்டும்"னு தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டுத் திரும்பிடுவாங்க. தாத்தா கதை சொல்லணும், பாட்டி கம்மஞ்சோறு போடணும், பையன் பதினோராவது நாள் பண்பாட்டோட வீடு திரும்பணும். ரைஸ் மில்லுல நெல்லைக் கொட்டி அரிசியா வாங்கிட்டுப் போற கணக்கு.

கிராமத்துல இருக்கிற நாங்க பண்பாட்டை மூட்டை மூட்டையாக் கட்டி வெச்சிருக்கோம்னு நீங்க நம்புறது எங்களுக்குப் பெருமைதான். ஆனா விவரம் அப்படி இல்லைங்க. நான் பார்த்த வரைக்கும், பிள்ளைகள் தாத்தா சொல்ற கதையில கத்துக்கறது கொஞ்சம். வீட்ல பெரியவங்க எப்படிச் சண்டை போடறாங்க, போட்ட சண்டையை எப்படி முடிக்கிறாங்க, சொத்தை எப்படிப் பிரிக்கிறாங்கங்கறதைப் பார்த்துக் கத்துக்கறதுதான் நிறைய. நல்லதும் அந்த வழியாத்தான் வருது, கெட்டதும் அந்த வழியாத்தான் வருது.

கொங்கு நாட்டுல தோட்டத்துப் பத்திரம் எதை எடுத்துப் படிச்சாலும் கிணத்தைப் பத்தி ஒரு வரி இருக்கும். கிணறு, மோட்டார், சர்வீஸ் இதுல பொதுவில் மூணுல ஒரு பாகம், மாமூல் தடவழி பாத்தியம்னு எழுதியிருப்பாங்க. அண்ணன் தம்பி மூணு பேர் நிலத்தைக் கயிறு போட்டுப் பிரிச்சுக்கலாம், கிணத்தைப் பிரிக்க முடியாதே. அதனால முறை வெச்சாங்க. கவலை ஓட்டி இறைச்ச காலத்துலயும் முறை இருந்துச்சு, ஆயில் இஞ்சின் காலத்துலயும் இருந்துச்சு, கரண்ட் மோட்டார் வந்த பிறகும் இருந்துச்சு. ஒரு நாள் உனக்கு, மறுநாள் எனக்கு, அதுக்கு மறுநாள் சின்னவனுக்கு. காலையில 6 மணிக்கு முறை மாறும்.

முறை முடியற நேரத்துல வாழைக்கு இன்னும் நாலு பாத்தி பாக்கி கெடக்கும். அரை மணி நேரம் சேர்த்து ஓட்டினா முடிஞ்சிடும். தம்பி இன்னும் தோட்டத்துப் பக்கம் வரலை, பார்க்கறதுக்கு ஒரு ஆள் இல்லை. அப்பவும் நல்ல மனுஷன் மோட்டாரை நிறுத்திடுவார். மம்பட்டி பிடிச்சு மடை கட்டிக்கிட்டு நின்ன எட்டு வயசுப் பையன் அதைப் பார்த்தான். அவனுக்கு யாரும் நீதிக்கதை சொல்லலை. கரண்ட் போயிட்டா அந்த நேரத்தை யாரு எப்படி ஈடு கட்டிக்கறது, மோட்டார் காயில் எரிஞ்சா ஆளுக்கு எவ்வளவு போடறது, கோடையில கிணறு ஒரு மணி நேரத்துல வத்திட்டா ஊறின தண்ணி யாருக்கு, மாட்டுக்குத் தண்ணி காட்ட முறை பார்க்கணுமா வேண்டாமா, எல்லாத்துக்கும் ஒரு வழக்கம் இருந்துச்சு. எங்கயும் எழுதி வெக்காத வழக்கம்.

அதுக்காக எல்லாரும் சாந்த சொரூபின்னு நினைச்சுக்காதீங்க. முறைத் தண்ணிக்காக மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுப் போன அண்ணன் தம்பிகளும் இருந்தாங்க. கிணத்து வழக்கு அப்பன் காலத்துல ஆரம்பிச்சு மகன் காலத்துல முடிஞ்சதும் உண்டு. ஆனா சண்டை போட்டாலும் பேசித்தான் தீரணும். மூணாவது நாள் அதே கிணத்துக்கு வந்துதானே ஆகணும்?

இப்ப ஆளுக்கொரு போர். 800 அடி, 1000 அடின்னு போட்டுக்கறோம். தண்ணி வருதோ இல்லையோ, அண்ணன்கிட்டப் போய் நிக்க வேண்டியதில்லை. போர் வண்டி வந்துட்டுப் போன வருஷத்தோட பேச்சும் நின்னு போன வீடுகள் எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு இருக்கு. அந்தப் பழைய கிணத்துல புறா கூடு கட்டிக்கிட்டு இருக்குது. நிலத்தடி நீர் கீழ போயிடுச்சுன்னு கவலைப்பட ஆளு இருக்கு, இந்தப் பேச்சு நின்னதுக்குக் கவலைப்பட யாரும் இல்லை.

அந்தக் காலத்துல சண்டை முத்தினா நடுவுல உட்கார ஒரு ஆள் இருப்பார். சில வீட்டுல தாய்மாமன், சில வீட்டுல கல்யாணம் காட்சி நடத்தி வைக்கிற அருமைக்காரர், சில ஊர்ல ரிட்டயர் ஆன வாத்தியார். இவங்க வேலை செய்யற விதத்தைச் சின்ன வயசுல பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சு விசாரிக்க மாட்டாங்க. பொழுது சாயற நேரத்துல வந்து, மாடு கட்டற இடத்துல கட்டில் போட்டு உட்கார்ந்து, மழை எப்படி, மஞ்சள் என்ன விலைன்னு அரை மணி நேரம் பேசிட்டு, "அப்புறம்? தம்பிகூட என்ன பிரச்சனை?"ன்னு ஆரம்பிப்பாங்க. கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அன்னிக்கு ஒண்ணும் முடிவு சொல்லாம எந்திரிச்சுப் போயிடுவாங்க. அடுத்த வாரம் இன்னொருத்தர் வீட்டுல கட்டில். இப்படி மூணு நாலு நடை நடந்த பிறகுதான் ரெண்டு பேரும் ஒரு இடத்துல உட்காருவாங்க. அதுக்குள்ள பாதிக் கோபம் வடிஞ்சிருக்கும்.

இதை எழுதறப்ப எனக்கே ஏக்கமாத்தான் இருக்கு. ஆனா முழுசாச் சொல்லணுமில்ல? அந்தக் கட்டில்ல உட்கார்ந்து பேசினது எல்லாம் ஆம்பளைங்க. பொம்பளை வாயில இருந்து நேரா யாரும் கேட்டதில்லை. புருஷன் அடிக்கிறான்னு பொறந்த வீட்டுக்கு வந்து நிக்கிற பிள்ளைக்கு, "அனுசரிச்சுப் போ சாமி, ரெண்டு குழந்தை ஆயிடுச்சு"ன்னு சொல்லி வண்டி ஏத்தி விட்டதும் இதே பெரியவங்கதான். கிணத்து முறையில அரை மணி நேரம் கூட ஓட்டாத அதே நியாயஸ்தர் வீட்டு ஆசாரக் கூரையில, வேலைக்கு வர்றவங்களுக்குன்னு தனி டம்ளர் செருகி இருந்துச்சு. மடை கட்டின பையன் அந்த டம்ளரையும்தான் பார்த்தான். ரெண்டும் ஒரே வீட்டுல, ஒரே நாள்ல, ஒரே ஆள்கிட்ட இருந்து வந்தது. "நம்ம பெரியவங்க சொல்லிக் கொடுத்த பண்பாடு"ன்னு மொத்தமாச் சொல்றப்ப எதைச் சொல்றோம்னு யோசிக்கணும்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு.

எங்க பக்கத்துக் கல்யாணத்துல இணைச்சீர்னு ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோட கூடப் பிறந்தவதான் இணைச்சீர்க்காரி. புதுச்சேலை, சீர், எல்லார் முன்னாடியும் அவளுக்கு மரியாதை. பொறந்த வீட்டுல உடன்பிறந்தவளுக்கு இருக்கிற உரிமையை ஊர் அறியச் சொல்ற சடங்குதான் இதுன்னு பெரியவங்க விளக்கம் சொல்லுவாங்க. கேட்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே தம்பி அதே அக்காளைக் கார்ல கூட்டிக்கிட்டு சார்பதிவாளர் ஆபீஸ் போவான். வாசல்ல இருக்கிற பேக்கரியில டீயும் பப்ஸும் வாங்கிக் கொடுப்பான். உள்ளே விடுதலைப் பத்திரம் ரெடியா இருக்கும். போட்டோ, கைரேகை, கையெழுத்து. திரும்பி வர்றப்ப ஒரு பட்டுச்சேலை, கொஞ்சம் வசதியான வீடுன்னா ரெண்டு பவுனு. முடிஞ்சது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கோம். தமிழ்நாட்டுல 1989-லயே இந்து வாரிசுரிமைச் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, பரம்பரைச் சொத்துல மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும்னு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் அப்ப இல்லை. 2005-ல மத்திய அரசு கொண்டு வந்த திருத்தத்துல அந்த வித்தியாசமும் போயிடுச்சு. அந்தத் திருத்தம் வந்தப்ப அப்பா உயிரோட இருந்திருக்கணுமான்னு ஒரு குழப்பம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, வேண்டியதில்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பத்திரம் எழுதறவர்கிட்ட இதெல்லாம் கேட்டா வரிசையாச் சொல்லுவார். சொல்லிட்டு, "அதனாலதான் தம்பி, விடுதலை எழுதி வாங்கிக்கறது சேஃப்டி"ம்பார்.

அண்ணன் தம்பிகள் பக்கம் நியாயமே இல்லைன்னும் நான் சொல்லலை. ரெண்டு ஏக்கர் நிலத்தை நாலாப் பிரிச்சா யாருக்கும் வெள்ளாமை ஆகாது. அக்கா கல்யாணக் கடனைக் கட்டினவன், அப்பா படுக்கையில கெடந்தப்ப பார்த்தவன், அவனுக்கும் ஒரு கணக்கு இருக்கும். அக்காமார்கள்லயும் பல பேர் மனசாரத்தான் விட்டுக் கொடுக்கறாங்க. கையெழுத்துப் போடலைன்னா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிடுமேங்கற பயத்துல போடறவங்களும் இருக்காங்க. எது மனசார, எது பயத்துலன்னு பிரிச்சுப் பார்க்க அங்க யாரும் உட்கார்றதில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா சொன்னாங்க: "எனக்கு அந்த நிலம் வேண்டாம்தான். ஆனா வேண்டாம்னு நான் சொல்லணும். அவங்களா எழுதிக்கிட்டு வந்து பேனாவை நீட்டக் கூடாது." காசு பணத்தைத் தாண்டின கேள்வி இது. பின் சீட்டுல உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டு வந்த அவங்க தம்பி பையன், அத்தைகிட்ட எப்படிக் கேட்கணும்னு அன்னிக்கு ஒண்ணு கத்துக்கிட்டான். இதுல கிராமத்தான், டவுன்காரன் வித்தியாசம் ஒண்ணும் இல்லைங்க. லீவு போட்டு விமானத்துல வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போற தம்பிகளையும் பார்த்தாச்சு.

குடும்ப ஆலோசனைன்னு சொன்னா எங்க ஊர்ல இன்னும் ரெண்டு அர்த்தம்தான். ஒண்ணு, புருஷன் பொண்டாட்டி விவாகரத்துக்குப் போயிட்டாங்க. இல்லைன்னா யாருக்கோ புத்தி சரியில்லை. ரெண்டும் தப்பு. கட்டில் போட்டு உட்கார்ந்தாரே அந்தப் பெரியவர், அவர் செஞ்ச வேலையைப் படிச்சுட்டு வந்து செய்யறவங்கதான் ஆலோசகர். ரெண்டு வித்தியாசம் உண்டு. இவங்க பொம்பளை பேச்சையும் நேராக் கேட்பாங்க. கேட்டதை டீக்கடைக்குக் கொண்டு போக மாட்டாங்க.

பக்கத்து ஊர்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி. ஒரு பெரியவர், 70 வயசுக்கு மேல. தோட்டத்தை மகன் பேருக்கு எழுதி வெச்சுட்டார். சம்சாரம் தவறி ஒரு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள அப்பனும் மகனும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே எதிரி ஆயிட்டாங்க. "மகன் பார்க்கறதில்லை, எழுதிக் கொடுத்ததை ரத்து பண்ணுங்க"ன்னு பெரியவர் கோட்டாட்சியர்கிட்ட மனுக் கொடுத்துட்டார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்னு 2007-ல வந்தது இருக்கே, அதுல மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகை உத்தரவு போடலாம். பார்த்துக்குவேன்னு நிபந்தனை போட்டு எழுதி வாங்கிட்டுப் பார்க்காம விட்டா பத்திரத்தையே செல்லாததாக்கவும் வழி இருக்கு. பல பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, விசாரணைக்கு முன்னாடி சமரச அலுவலர்கிட்ட அனுப்பி வைக்கவும் அதுல இடம் இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள அவர் பேசிப் பார்த்து அறிக்கை கொடுக்கணும். இவங்களையும் அப்படி அனுப்பினாங்க. அங்க இருந்த ஒரு ஆலோசகர் அம்மாதான் பேசினது.

தனித்தனியாப் பேசினப்பத்தான் சமாச்சாரம் வெளிய வந்துச்சு. அந்த வீட்டுல அப்பனும் மகனும் 30 வருஷமா நேராப் பேசிக்கிட்டதே இல்லை. எல்லாம் அம்மா மூலமாத்தான். "அவன்கிட்ட நாளைக்கு உரம் வாங்கிட்டு வரச் சொல்லு." "அப்பாகிட்ட ஆள் கூலிக்குக் காசு கேளும்மா." நம்ம வீடுகள்ல பாதி இப்படித்தானே? நடுவுல இருந்த அந்த அம்மா அப்பன் சொன்னதுல காரத்தைக் குறைச்சு மகனுக்குச் சொல்லும், மகன் சொன்னதுக்கு ரெண்டு மரியாதை சேர்த்து அப்பனுக்குச் சொல்லும். அது போன பிறகு பேச்சுக்கு வழியே இல்லை. பால் சொசைட்டிக் காசு அது வரைக்கும் அம்மா கையில இருந்துச்சு, பெரியவர் டீச்செலவுக்கு அது கொடுக்கும். இப்ப காசு மருமகள் கணக்குக்குப் போகுது. மருமகள்கிட்டக் கை நீட்ட பெரியவருக்குக் கூச்சம். மஞ்சள் வித்த காசு அப்பாகிட்ட இருக்குதுன்னு மகன் நினைச்சுக்கிட்டான். டீக்கடையில கடன் சொன்னதுல ஆரம்பிச்சது கோட்டாட்சியர் ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு.

அந்த அம்மா உபதேசம் பண்ணலை. பெத்தவங்க தெய்வம்னு பாட்டு எடுக்கலை. மகன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம்: "உங்க பையன் உங்ககிட்ட நேராப் பேசுவானா?" அவன் ஒன்பதாவது படிக்கிற பையன். ஸ்கூல் பீசுன்னாலும் சைக்கிள்னாலும் அம்மாகிட்டத்தான் சொல்லுவான். மகனுக்குப் பதில் சொல்ல முடியலை. அப்பன் மகன் பேசாம இருக்கறதை யாரும் யாருக்கும் கற்றுக் கொடுக்கலை, ஆனா மூணு தலைமுறையா ஒரு குறையும் இல்லாம வந்து சேர்ந்திருக்கு.

முடிவு பெருசா ஒண்ணும் இல்லை. ரெண்டு மாட்டுல ஒரு மாட்டுப் பாலைப் பெரியவர் பேருல ஊத்தறது. சாயந்திரம் தோட்டத்துக் கணக்கை மகன் நேரா அப்பாகிட்டச் சொல்றது, அஞ்சு நிமிஷம் ஆனாலும் சரி. மனு வாபஸ் ஆயிடுச்சு. பெரியவருக்கு மருமகள் மேல இருந்த வருத்தம் இன்னும் முழுசாப் போகலை, அவங்களுக்கும் இவர் மேல இருக்கு. எல்லாத்தையும் தீர்த்து வைக்கிற மந்திரம் எதுவும் அங்க இல்லை. வழக்கா நடந்திருந்தா பெரியவருக்கு நிலம் திரும்பி வந்திருக்கலாம். அந்த நிலத்துல நின்னு யார்கூடப் பேசியிருப்பார்?

அதே சமயம், ஆலோசனைங்கற பேருல நடக்கற எல்லாத்தையும் நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பச் சொல்ல மாட்டேன். அடி வாங்கிட்டு வந்த பிள்ளையையும் அடிச்சவனையும் ஒரே பெஞ்சுல உட்கார வெச்சு "ரெண்டு பேரும் விட்டுக் கொடுத்துப் போங்க"ன்னு அனுப்பற ஆளுங்க இருக்காங்க. அது பழைய கட்டிலுக்குப் பதிலா பிளாஸ்டிக் சேர் போட்டது, அவ்வளவுதான். அடிதடி இருக்கிற இடத்துல முதல்ல அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு, பேச்செல்லாம் அப்புறம். 181-க்குக் கூப்பிட்டா 24 மணி நேரமும் எடுப்பாங்க. மாவட்டத் தலைநகர்ல பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு. மற்ற குடும்பத் தகராறுக்கு வக்கீலைப் பார்க்கறதுக்கு முன்னாடியே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய் சமரசப் பேச்சுக்கு மனுக் கொடுக்கலாம், காசு கிடையாது. குடும்ப நீதிமன்றங்களுக்கான 1984 சட்டமே, முதல்ல சமாதானத்துக்கு முயற்சி பண்ணணும்னுதான் நீதிபதிக்குச் சொல்லுது. வயசானவங்களுக்கு 14567. மனசு சரியில்லைன்னா 14416.

ஆனா இதெல்லாம் டவுன்ல இருக்கிற உங்களுக்குப் பக்கம். எங்களுக்கு ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் கூலி போகும். அதைவிட, அந்த ஆபீஸ் வாசல்ல யாராவது ஒறம்பரை பார்த்துட்டா போச்சு, நாம வீடு வந்து சேர்றதுக்குள்ள சேதி ஊருக்கு வந்துடும். மாட்டுக்கு மடி வீக்கம்னா பக்கத்துலயே கால்நடை மருந்தகம் இருக்கு, வருஷத்துக்கு முகாம் வேற போடறாங்க. அண்ணன் தம்பி வீக்கத்துக்கு ஒண்ணும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரத்துல ஒரு நாள், ஒரு ரூம்ல, ஒரு ஆலோசகர் உட்கார்ந்தாப் போதும். சுகர் மாத்திரை வாங்கப் போற மாதிரி போய்ட்டு வந்துடலாம், எதுக்குப் போனாங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில இதை ஒரு தீர்மானமா வைக்கலாம்னு நாலு பேர் பேசி வெச்சிருக்கோம். குடிதண்ணி, தெருவிளக்கு, சாக்கடை வரிசையில இது எத்தனாவது நம்பர்ல வரும்னு தெரியலை. மகளிர் குழுக்காரங்ககிட்டச் சொன்னப்ப அவங்கதான் முதல்ல கையெழுத்துப் போடறோம்னாங்க. ஆம்பளைங்க பக்கம் இன்னும் ரெண்டு பேர்தான்.